ஈசூனிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் ஒரு வீடு

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு தேடுகிறவர்களுக்குத் தகவல் பஞ்சம் கிடையாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது நம் வீவக, 2017 ஜனவரியிலிருந்து பதிவான ஒவ்வொரு மறுவிற்பனையையும் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. எந்த மாதம், எந்த ஊர், எத்தனை அறை, எந்த புளோக், எந்த மாடி, எத்தனை சதுர மீட்டர், குத்தகை தொடங்கிய ஆண்டு, கைமாறிய விலை, எல்லாம் உண்டு. மொத்தம் இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். அதற்கு முந்தைய காலத்துக்கு 1990 வரை தனிக் கோப்புகள் இருக்கின்றன. பஞ்சம் எதில் என்றால், ஒரு குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்பதில்தான்.

என் தங்கையும் மாப்பிள்ளையும் ஈசூனில் இருக்கும் எங்கள் பெற்றோருக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறார்கள். தங்கைக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளைக்குச் சதுர அடி விலை. அப்பாவுக்கு, வீவக வீட்டின் 99 வருஷக் குத்தகையில் மிச்சம் எத்தனை வருஷம். அம்மாவுக்கு எத்தனையாவது மாடி, கோயில் எவ்வளவு தூரம். ஆளுக்கொரு கேள்வியை என்னிடம் கேட்பார்கள், நான் மடிக்கணினியில் எதையாவது மாற்றிப் பதில் சொல்வேன். அதற்குள் மற்றவர் அடுத்ததற்குப் போயிருப்பார். கணக்குப் போடுகிற ஆள் ஒருவர், கேட்கிறவர்கள் நாலு பேர் என்றால் வீட்டில் நடப்பது பேச்சுவார்த்தை இல்லை, பத்திரிகையாளர் சந்திப்பு. அதனால் நான் கணக்குப் போட்டுவந்த விரிதாளை (ஸ்பிரெட்ஷீட்டை) டேப்லெட்டுக்கு மாற்றினேன். மடிக்கணினி ஒருவர் முன்னால் உட்கார்ந்துவிடும். டேப்லெட் சாப்பாட்டு மேசையில் கை மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த 'இப்படி மாற்றினால் என்ன ஆகும்' விளையாட்டு புதிது இல்லை. 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசிகால்க் என்கிற விரிதாள், ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறும் என்பதைக் காட்டித்தான் விற்றது. ஐபேட் 2010-இல் வந்தபோதே நம்பர்ஸ் என்கிற ஆப்பிளின் விரிதாள் செயலியும் கூடவே வந்துவிட்டது. நான் பயன்படுத்தியதும் நம்பர்ஸ்தான். கூகுள் ஷீட்ஸிலோ எக்செலிலோ இதைச் செய்ய முடியாது என்றில்லை. பகிர்ந்துகொண்டு பல பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் நானே கூகுள் ஷீட்ஸைத்தான் சொல்வேன். ஆனால் நம்பர்ஸில் ஒரு கட்டத்தை மெனுவாகவோ, விரலால் இழுக்கிற ஸ்லைடராகவோ, கூட்டல் கழித்தல் பொத்தானாகவோ மாற்றிவிடலாம். இன்னொன்று, அதில் ஒரு பக்கம் என்பது முடிவில்லாத கட்டக் காடு கிடையாது. வெள்ளைத் தாளில் சின்னச் சின்ன அட்டவணைகளை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அம்மா மாதிரி ஆட்களுக்கு இது பெரிய நிம்மதி. எங்கே தொட வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

முதலில் தரவு. இரண்டு லட்சம் வரிகளை டேப்லெட்டில் திறப்பது வீண் வேலை. நம்பர்ஸ் பத்து லட்சம் வரிகள் வரை தாங்கும் என்பது காகிதத்தில் உண்மை. கையில் இருக்கும் பழைய ஐபேட் ஒவ்வொரு தொடுதலுக்கும் யோசிக்க ஆரம்பித்தால் மேசையில் யாருக்கும் பொறுமை இருக்காது. இதை மட்டும் கணினியில் செய்தேன்: கடைசி ஓராண்டு, ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ், அங் மோ கியோ, செங்காங், மூவறை முதல் ஐந்தறை வரை. சில ஆயிரம் வரிகளுக்கு வந்துவிட்டது. நீளமான சூத்திரங்களை எழுத ஒரு புளூடூத் விசைப்பலகையும் வைத்துக்கொண்டேன். கண்ணாடித் திரையில் விரலால் அடைப்புக்குறி எண்ணுவது தண்டனை.

தரவில் சில குறும்புகள் உண்டு. மிச்சமுள்ள குத்தகை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கும், '61 ஆண்டு 4 மாதம்' என்கிற மாதிரி ஆங்கிலத்தில். சில வரிகளில் மாதமே இருக்காது. அதை வெட்டி ஒட்டி எண்ணாக்குவதைவிட, குத்தகை தொடங்கி எத்தனை ஆண்டு ஓடிவிட்டது என்று பார்த்து அதை 99-லிருந்து கழித்துக்கொள்வது சுலபம். ஒரு வருஷம் முன்னே பின்னே போனாலும் இந்த வேலைக்குப் பரவாயில்லை. மாடி எண் மூன்று மூன்றாகக் கட்டுப் போட்டு வரும், 4 முதல் 6 வரை, 7 முதல் 9 வரை என்று. வீவக சதுர மீட்டரில் பேசும், நம் ஆட்கள் சதுர அடியில் பேசுவார்கள். 10.764-ஆல் பெருக்கி ஒரு பத்தி. 93 சதுர மீட்டர் என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, ஆயிரம் சதுர அடி என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம்தான் உண்மையான வேலை. எல்லாரும் சார்ட்டில் மயங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த மாதிரி ஷீட்டின் உயிர் ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்ன விகித அட்டவணைகளில்தான் இருக்கிறது. நாம் தொடுகிற மெனு அவற்றில் எதையாவது தேடி எடுத்து வர வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்லுக்அப் என்கிற தேடல் சூத்திரம்.

முத்திரை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு விலையில் முதல் 180,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, 1 விழுக்காடு, அடுத்த 180,000-க்கு 2, அதற்கடுத்த 640,000-க்கு 3, அதற்கு மேலே 4, 5, 6 என்று போகும். இதை அடுக்கடுக்காக 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று சூத்திரமாக எழுதுகிறவர்கள் உண்டு. எழுதிய மறுநாள் அவர்களுக்கே புரியாது. அதற்குப் பதில் மூன்று பத்திகள் போதும்: படி எங்கே தொடங்குகிறது, அந்தப் படியின் விகிதம், அதற்குக் கீழே இருக்கும் படிகளுக்கெல்லாம் சேர்த்து ஏற்கனவே கட்டியாக வேண்டிய தொகை. அதாவது 0, 180,000, 360,000 என்று படிகள். 1, 2, 3 விழுக்காடு. 0, 1,800, 5,400 என்று சேர்ந்த தொகை. விலை 600,000 என்றால் எக்ஸ்லுக்அப் அதைப் படிப் பத்தியில் தேடும். சரியாக 600,000 இல்லை. 'இல்லையென்றால் அதற்குக் கீழே உள்ள அடுத்ததை எடு' என்று சொல்லியிருப்பதால் 360,000-இல் போய் நிற்கும். 600,000-லிருந்து 360,000-ஐக் கழித்தால் 240,000, அதில் 3 விழுக்காடு 7,200, கூட அந்த 5,400. மொத்தம் 12,600 வெள்ளி. விலையை ஸ்லைடரில் இழுக்க இழுக்க இந்த எண் கூடவே ஓடும். நாளைக்கு அரசாங்கம் விகிதத்தை மாற்றினால் அட்டவணையில் மட்டும் மாற்றினால் போதும், சூத்திரத்தைத் தொட வேண்டாம்.

மானியத்தில் இதே உத்தி தலைகீழாகத் திரும்பும், இங்கேதான் பலர் சறுக்குவார்கள். மேம்பட்ட சேமநிதி வீட்டு மானியம் (சேமநிதி என்பது சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) மாத வருமானத்தைப் பொறுத்தது. உச்சம் 120,000 வெள்ளி, குடும்ப வருமானம் 9,000-ஐத் தாண்டினால் கிடையாது, நடுவில் வருமானம் 500 வெள்ளி ஏற ஏற மானியம் ஒவ்வொரு படியாக இறங்கும். அந்தப் பட்டியலை 'இந்தத் தொகை வரை' என்று மேல் எல்லையை வைத்து எழுதிக்கொண்டேன். முத்திரை வரியில் படியின் அடி, இதில் படியின் தலை. ஆகவே தேடலில் 'அதற்கு மேலே உள்ள அடுத்ததை எடு' என்று சொல்ல வேண்டும். இரண்டு அட்டவணைகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் சூத்திரத்தை மற்றொன்றுக்கு நகலெடுத்தால் செயலி எந்தச் சிவப்பு முக்கோணமும் காட்டாது. அழகாக ஒரு தவறான எண்ணைத் தரும். எக்செலின் பழைய தேடல் சூத்திரமான விலுக்அப் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். கடைசியில் 'சரியாகப் பொருந்த வேண்டும்' என்று நாமாகச் சொல்லாவிட்டால் அது தோராயமாகத் தேடும், பட்டியல் வரிசையாக இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

அறை எண்ணிக்கை மெனுவுக்குச் சரியாகப் பொருந்தும் தேடல்தான். முதன்முறை வாங்கும் சிங்கப்பூர்க் குடிமக்கள் தம்பதிக்கு, நாலறை வரை சேமநிதி வீட்டு மானியம் 80,000 வெள்ளி, ஐந்தறைக்கு 50,000. மாப்பிள்ளை ஐந்தறையில் உறுதியாக இருந்தார். மெனுவில் அவரே ஐந்தறையைத் தொட்டார், மானியக் கட்டத்தில் 30,000 குறைந்தது, மாதத் தவணை ஏறியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மச்சான், நாலறையிலேயே பெரிசா இருக்கறது எந்தப் பக்கம்?" என்றார். நான் வாயால் சொல்லியிருந்தால் அது அறிவுரையாகியிருக்கும், வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பெற்றோருடன் சேர்ந்தே குடியிருந்தால் இன்னொரு மானியம் 30,000 வெள்ளி, நாலு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000. செம்பவாங் எங்களுக்குச் சுலபமாக வருகிறது, அதுவும் 2019-இல் கேன்பரா ரயில் நிலையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் போக்குவரத்துக் குறையும் இல்லை. மாப்பிள்ளையின் வேலையிடத்துக்குப் பக்கமாக அங் மோ கியோ போனால் அந்த 20,000 போச்சு. தூரத்தை ஷீட்டில் கணக்கிட நான் முயலவில்லை. வீவகவின் இணையச் சேவையே சொல்லிவிடும், பதிலை ஆம், இல்லை என்று ஒரு டிக் கட்டத்தில் கையால் போட்டுக்கொண்டோம். எல்லாவற்றையும் சூத்திரமாக்க வேண்டும் என்கிற வெறி இந்த வேலையில் வரும். அதை அடக்குவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

தவணைக்கு பிஎம்டி என்கிற சூத்திரம் போதும். வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு, 2024 ஆகஸ்டிலிருந்து விலையில் 75 விழுக்காடு வரைதான் கடன், அதிகபட்சம் 25 ஆண்டு. 600,000 வெள்ளி வீட்டுக்கு 450,000 கடன் என்றால் மாதம் சுமார் 2,041 வெள்ளி. மாத வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் தவணை போகக் கூடாது, அதை வீவக 3 விழுக்காடு வட்டியில் கணக்கிட்டுப் பார்க்கிறது என்பதால் வருமானம் சுமார் 7,100 வேண்டும். தங்கையின் கேள்வி இதோடு தீர்ந்தது.

அப்பாவின் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டமாக ஆனது. வாங்குபவர்களில் இளையவரின் வயதையும் குத்தகையில் மிச்சமுள்ள ஆண்டுகளையும் கூட்டினால் 95 வர வேண்டும். வந்தால் சேமநிதியை உச்ச வரம்பு வரை பயன்படுத்தலாம், வராவிட்டால் விகிதப்படி குறையும். வீவக கடனும் அந்த 95-ஐப் பார்க்கிறது. இந்த விதி 2019 மே மாதத்திலிருந்து இருக்கிறது, ஆனால் வீடு பார்க்கப் போகும் வரை யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வயதுக்கு ஒரு ஸ்லைடர், குத்தகை தொடங்கிய ஆண்டுக்கு ஒரு பொத்தான், கூட்டல் 95-க்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகும். ஈசூனில் எண்பதுகளில் கட்டிய வீடுகள் நிறைய. 1986-இல் குத்தகை தொடங்கிய வீட்டுக்கு 2026-இல் மிச்சம் 59. முப்பத்தொரு வயதில் வாங்கினால் 90, சிவப்பு. ஸ்லைடரை 36-க்கு இழுத்தால் சரியாக 95, பச்சை. அப்பா இதை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்த்தார். "அப்போ அதே வீடு வயசானவனுக்கு நல்ல வீடு, சின்னவனுக்கு நல்லதில்ல" என்றார். நூறு வரி விளக்கத்தில் எனக்கு இது வந்திருக்காது.

சார்ட்டுக்கு வருகிறேன். அதை மொத்தத் தரவோடு கட்டக் கூடாது. மெனுவில் தேர்ந்தெடுத்ததற்கு ஏற்ப மாதவாரியாகச் சராசரி காட்டும் பன்னிரண்டு வரிச் சிறு அட்டவணை ஒன்றைச் செய்து, அதோடுதான் கட்ட வேண்டும். ஊரை மாற்றினால் அந்தப் பன்னிரண்டு எண்களும் மாறும், கோடும் மாறும். இதில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, செங்குத்து அச்சைச் செயலியின் விருப்பத்துக்கு விட்டால் ஒவ்வொரு ஊருக்கும் அளவுகோலை மாற்றிக்கொள்ளும். செம்பவாங்கும் அங் மோ கியோவும் ஒரே உயரத்தில் நிற்கும், ஒரு மாதத்துச் சின்ன ஏற்றம் மலையாகத் தெரியும். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் கையால் பூட்டிவிட வேண்டும். இரண்டாவது, சராசரிக்குப் பக்கத்தில் எத்தனை விற்பனைகளிலிருந்து அந்தச் சராசரி வந்தது என்பதையும் காட்ட வேண்டும். மெனுவில் ஊர், அறை, மாடி என்று குறுக்கிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் மூன்று வீடுகள்தான் மிஞ்சும். மூன்றில் ஒன்று வீட்டுக்குள்ளேயே இரண்டு தளம் உள்ள மெசனெட் என்றால் கோடு வானத்துக்குப் பாயும். பத்துக்குக் குறைந்தால் எண்ணைக் காட்டாமல் 'போதாது' என்று மட்டும் காட்டும்படி வைத்தேன். தங்கைக்கு அது எரிச்சல், "எதைத் தொட்டாலும் போதாதுன்னு சொல்லுதுண்ணே" என்றாள். சொல்லட்டும்.

குத்தகை மிச்சத்தைப் படுக்கையிலும் சதுர அடி விலையைச் செங்குத்திலும் வைத்துப் புள்ளிகளாகப் போட்ட இன்னொரு சார்ட்தான் மாப்பிள்ளைக்கு உதவியது. புள்ளிக் கூட்டத்துக்குக் கீழே தனியாகக் கிடக்கும் வீடுகளை விரலால் காட்டி 'இது ஏன் மலிவு' என்று கேட்கலாம். பெரும்பாலும் கீழ் மாடி.

நாலு பேர் கையில் போகிற ஷீட்டில் ஏதாவது உடையும். மெனுவும் ஸ்லைடரும் இருக்கும் அட்டவணையைத் தனியாக வைத்துவிட்டு, விடைகளும் சார்ட்டும் விகித அட்டவணைகளும் இருக்கும் மற்ற அனைத்தையும் பூட்டிவிட்டேன். பூட்டிய அட்டவணையை நகர்த்தவோ மாற்றவோ முடியாது, ஆனால் கணக்கு ஓடும். ஊர்ப் பெயர்கள் தரவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். மெனுவில் தமிழில் வைத்து, நடுவில் ஒரு பொருத்த அட்டவணை போட்டால் அம்மா யாரையும் கேட்காமல் தொடுவார். அம்மாவுக்காக ஊர் அட்டவணையில் கோயில் பத்தியும் உண்டு. ஈசூனுக்குப் புனித மரம் பாலசுப்பிரமணியர், செங்காங்குக்கு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர். இது விலையில் எந்த மாற்றத்தையும் செய்யாது. ஆனால் அந்தப் பத்தி வந்த பிறகுதான் அம்மா டேப்லெட்டைக் கையில் வாங்கினார்.

ஷீட்டுக்குத் தெரியாதவை நிறைய. தரவில் உள்ள மாதம் விற்பனை பதிவான மாதம், பேரம் முடிந்தது அதற்கு முன்னால். வீட்டு மதிப்பீட்டுக்கு மேல் எவ்வளவு ரொக்கம் கொடுத்தார்கள் என்பது இருக்காது. 2014 மார்ச்சிலிருந்து விலை பேசி முடித்த பிறகுதான் மதிப்பீடே கேட்க முடியும். அந்த வித்தியாசம் முழுக்கக் கைக்காசு, கடனும் சேமநிதியும் உதவாது. மேற்கு வெயில் எந்த அறையில் விழும் என்பதும் இருக்காது, அதை நேரில் போய்ப் பார்த்துக் கையால் எழுத வேண்டியதுதான்.

நமக்கு இன்னும் முக்கியமான ஒன்று இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க 1989-இலிருந்து இருப்பது. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரம்பு. அது நிறைந்துவிட்ட புளோக்கில் நாம் அதே பிரிவைச் சேர்ந்த விற்பவரிடமிருந்துதான் வாங்க முடியும். விலை, குத்தகை, தூரம் எல்லாம் பொருந்தி வந்து கடைசியில் இங்கே நின்றுபோன தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. விற்கும்போதும் இதே கதை மறுபக்கத்திலிருந்து வரும். வரம்பு மாதத்தின் முதல் நாளன்று புதுப்பிக்கப்படுகிறது, வீவக தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஷீட்டில் பார்க்கப் போகும் புளோக்குகளுக்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்து, 'வாங்கலாமா' என்று ஒரு டிக், சோதித்த தேதி ஒன்று. தேதி இந்த மாதத்துக்கு முந்தையதாக இருந்தால் கட்டம் மஞ்சளாகும். இது எந்தச் சார்ட்டையும்விட அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது. இப்போது வீடு பார்க்க நேரம் வாங்குவதற்கு முன்னால் தங்கை முதலில் திறப்பது இந்தப் பட்டியலைத்தான்.

அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டதால் கோப்பின் நகலைக் கொடுத்தேன். அவரும் மனைவியும் நிரந்தரவாசிகள், தஞ்சாவூர்ப் பக்கம். அவர்களுக்கு இந்த ஷீட் அப்படியே பொருந்தாது. இருவரும் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், மானியம் இல்லை, வீவக கடன் இல்லை, வங்கிக்குத்தான் போக வேண்டும். முதல் வீட்டுக்கே கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு அக்கம்பக்கத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு என்று இன்னொரு வரம்பும் உண்டு. ஆகவே மேலே குடியுரிமை என்று ஒரு மெனுவும், ஓரத்தில் அதற்கு ஒரு விகித அட்டவணையும் சேர்த்தேன். அவர் 600,000-இல் ஸ்லைடரை நிறுத்தி மெனுவை நிரந்தரவாசிக்கு மாற்றினார். முத்திரை வரி 12,600-லிருந்து 42,600 ஆனது. திரும்பக் குடிமகன் என்று மாற்றினார், மறுபடி நிரந்தரவாசி. சார்ட் பக்கம் அவர் போகவே இல்லை. வங்கி வட்டி நிலையாக இருக்காதே, அதற்கும் ஒரு ஸ்லைடர் வைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வைக்க வேண்டும்.